பாலுக்குள் இல்லாத எண்

மலேசியாவின் லகாட்டில் நான் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் இருந்தார். ஒல்லி உருவம், காதோரம் நரை. எதையும் தராசில் வைக்குமுன் உள்ளங்கையில் ஏந்தி, எடை சொல்லிப் பார்ப்பார்.

ஒரு மாணவி விடைத்தாளில், இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான மின்விசைச் சூத்திரத்தை மாறிலியே இல்லாமல் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடிக்கப் போனேன்.

"அடிச்சிடாதீங்க டீச்சர். இங்க உள்ள பழைய புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. அது வேற அளவு முறை."

"அப்போ மாறிலி எங்கேண்ணே போச்சு?"

"ரப்பர் தோட்டத்துல, காஞ்சு கட்டியான ஒட்டுப்பால ராத்தல் கணக்குல நிறுப்பாங்க. ஒரு ராத்தல கிலோவுல சொன்னா பாயிண்ட் நாலு அஞ்சு. அந்த நம்பர் பாலுக்குள்ளயா இருந்துச்சு? நம்ம தராசுலதான் லா."

"அந்த மாறிலிக்குள்ள ஒளியோட வேகம் இருக்கே, அதுவும் தராசுலதானா?"

அவர் தன் காலி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அந்தப் புத்தகத்துலயே காந்தப் பாடத்துல அது வந்து நிக்குது. எந்த அளவுல எழுதினாலும் நம்பர்தான் மாறுது, வேகம் போக மாட்டேங்குது. ஏன்னு எனக்கும் புரியல லா."

பேனாவை மூடிவிட்டு, அந்தத் தாளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.