முதல் பக்கத்துப் பேரு

பாஸ்டரம்மா உத்தியோகத்துல சமையல், ஜெபம், புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீக்குறதுன்னு ஆயிரம் உண்டு. ஆனா ஆளைக் கொல்ற வேலைன்னா அது பொம்பளப் புள்ளைக்குப் பேரு தேடிக் குடுக்குறதுதான். உங்க ஊட்லயும் ஒரு கொழந்தைக்குப் பேரு வச்சிருப்பீங்க. ஒரு பேருக்கே எவ்ளோ பேஜாருன்னு உங்களுக்குத் தெரியாததா? நான் பதினாறு வருஷமா ஊருக்கே வச்சிக்கினு இருக்கேன். என் நெலமைய யோசிச்சுப் பாருங்க.

எங்க சர்ச் கும்மிடிப்பூண்டி எஸ்டேட் பக்கத்துல, மேல ஷீட் போட்டது. வர்றவங்க ரோலிங் மில்லு, கெமிக்கல் கம்பெனின்னு ஷிப்ட் பாக்குறவங்க. அவங்க அப்பா அம்மா மேரி, ரூத்து, எஸ்தர்னு வச்சுட்டு நிம்மதியா இருந்தாங்க. இப்போ அது ஆவறதில்ல. சண்டே ஸ்கூல்ல "எஸ்தர்"னு கூப்ட்டா நாலு புள்ளைங்க எழுந்து நிக்குதாம். அதனால யாருக்கும் இல்லாத பேரா வேணும், அதுவும் எபிரெயப் பேரா வேணும்.

எங்க ஊட்டுக்காரரு, அதான் பாஸ்டரு, வேதக் கல்லூரியில ரெண்டு வருஷம் எபிரெய பாஷை படிச்சாரு. பாஷை மறந்துபோச்சு, நோட்டு மட்டும் பாக்கி. அதுலேருந்து பொம்பளப் பேரா பொறுக்கி நான் தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். என் சட்டம் ஒண்ணுதான்: ஒரு பேரு ஒரு புள்ளைக்குத்தான். குடுத்தாச்சுன்னா சிவப்புப் பேனாவால ஒரு கோடு. முதல் பக்கத்துல மட்டும் ஒரே ஒரு பேரு தனியா இருக்கும். லியோரா. எனக்கு வெளிச்சம்னு அர்த்தம். அத யாருக்கும் குடுக்க மாட்டேன், எனக்குப் பொறக்கப்போற பொண்ணுக்குன்னு கல்யாணம் ஆன வருஷமே எழுதி வச்சது. பொண்ணு வரல. பேரு மட்டும் வருஷக்கணக்கா காத்துக்கினு கெடந்துச்சு.

இஸ்ரேல் வரைக்கும் விசாரணை

ரோலிங் மில்லுல வேலை பாக்குற ஸ்டீபன், பொண்ணு பொறந்த மூணாவது நாளே வந்து நின்னான். "யாருக்குமே இருக்கக் கூடாதும்மா. எங்க தெருவுல, எங்க மில்லுல, பொண்டாட்டி ஊரு சோழவரத்துல, எங்கயுமே"ன்னு கண்டிஷன். நான் நோட்டைப் பொரட்டி 'ஷிரா'ன்னேன். பாட்டுன்னு அர்த்தம், கூப்புடவும் சுளுவு. அவன் போனை எடுத்து அங்கயே தட்டிப் பாத்தான். மூஞ்சி தொங்கிப்போச்சு. இஸ்ரேல்ல அந்தப் பேரு எக்கச்சக்கமா இருக்குதாம்.

"அடப்பாவி, எபிரெயப் பேரு இஸ்ரேல்ல இல்லாம செவ்வாய் கிரகத்துலயா இருக்கும்? அவங்க எங்க இருக்குறாங்க, நீ எங்க இருக்குற?"ன்னு கத்திட்டேன். நான் கத்துறது சர்ச்சுக்கே பழகிப்போன விஷயம், ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. ஸ்டீபனும் கண்டுக்கல. ரொம்ப சீரியஸாத்தான் கேட்டான்: "அவங்க கும்மிடிப்பூண்டிக்கு வர மாட்டாங்கன்னு இன்னாம்மா கேரண்டி?"

சும்மா ஒரு லி

ஜெயராஜ் அண்ணன் எங்க சர்ச்சோட மூப்பர். நல்ல நாள் பாக்குறது, நட்சத்திரம் பாக்குறது எல்லாம் பாவம்னு மேஜையைத் தட்டித் தட்டிச் சாட்சி சொல்றவரு. ஒரு நாள் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் மெதுவா வந்தாரு. மவனுக்குப் பொண்ணு பொறந்திருக்குது, ஒரு நல்ல எபிரெயப் பேரா வேணும்னாரு. அப்புறம் ஜன்னல் பக்கம் பாத்துக்கினே, "லி-யில ஆரம்பிச்சா நல்லாருக்கும்"னாரு.

என் முதல் பக்கத்தை எவனாச்சும் பாத்துட்டானா? நோட்டைப் பட்டுன்னு மூடிட்டு, "லி-யில எபிரெயத்துல பேரே கெடையாதுண்ணே"ன்னு சொல்லிட்டேன். பச்சைப் பொய். அதுவும் சிலுவைக்கு நேரா உக்காந்துக்கினு. பயம் தெளிஞ்சப்புறம்தான் மண்டையில வேற ஒண்ணு ஓடுச்சு. நானும் பத்தொம்பது வயசு வரைக்கும் ஜாதகம் வச்சிருந்த ஊட்ல வளந்தவதான், லி எந்த நட்சத்திரத்துக்கு வர்ற எழுத்துன்னு தெரியாதா? "ஏண்ணே, கொழந்தை பரணி நட்சத்திரமா?"ன்னேன். மனுஷனுக்குக் குப்புன்னு வேர்த்துப்போச்சு. மருமவளோட அம்மா ஊடு பொன்னேரிப் பக்கம், நெலம் நீச்சு இருக்குற குடும்பம், அவங்க நட்சத்திரம் பாக்காம தொட்டில்ல கூடப் போட மாட்டாங்களாம். கர்ச்சீப்பால கழுத்தைத் தொடச்சிக்கினே சொன்னாரு: "சாத்தானுக்கு விட்டுக்குடுப்பனாம்மா? சம்பந்திக்குத்தான் விட்டுக்குடுக்குறேன்."

காணிக்கைப் பையில மூணு சீட்டு

எங்க ஆளுங்களுக்கு முடிவெடுக்க முடியலன்னா சீட்டுதான். மூணு பேரை மூணு சீட்டுல எழுதி, காணிக்கைப் பையில போட்டு, ஜெபம் பண்ணி ஒண்ணை எடுக்கணும். வந்தது ஆண்டவர் சித்தம், அப்புறம் யாரும் வாய் தொறக்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற வில்சன் ஊட்ல அந்த நெலமை வந்துச்சு. அவனுக்கு 'ஹதாசா' வேணும். பொண்டாட்டிக்கு 'அவிவா'. அவன் அம்மாவுக்கு 'ரின்னா'. மூணும் என் நோட்டுலேருந்து போனதுதான், அதனால மூணு பேரும் என்னையத்தான் மொறைச்சாங்க.

வில்சனே சீட்டு எழுதினான். எங்க ஊட்டுக்காரரு கண்ணை மூடி ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு. ஹதாசா! வில்சன்தான் முதல்ல "அல்லேலூயா"ன்னான். மத்த ரெண்டு பேரும் சித்தம்னு அடங்கிட்டாங்க. கூட்டம் முடிஞ்சு பையை ஒதறினேன். கீழ விழுந்த ரெண்டு சீட்டையும் பிரிச்சா, ஹதாசா, ஹதாசா. வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! காதைப் புடிச்சு இழுத்துக்கினு வராத கொறைதான். அவன் கொஞ்சங்கூட வெக்கப்படல. "ஆண்டவருக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னுதாம்மா"ன்னான்.

ஞாயித்துக்கெழமைப் பேரு

கெமிக்கல் கம்பெனி கேன்டீன்ல வேலை பாக்குற ரோஸ்லினுக்கு நான் மூணு நாளு மண்டையை ஒடைச்சுக்கினு எடுத்துக் குடுத்தது 'யெமீமா'. புறான்னு அர்த்தம். எனக்கே அந்தப் பேரு மேல ஒரு கண்ணு. கொழந்தைக்குத் தடுப்பூசி போடுற அன்னிக்குத் தொணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா "யெமீமா"ன்னு கூப்ட்டாங்க. ஒருத்தரும் எழுந்துக்கல. மறுபடியும் "யெமீமா, யெமீமா". ரோஸ்லினும் எல்லார் மாதிரியும் திரும்பித் திரும்பிப் பாக்குறா, யாருடா அந்தப் பொறுப்பில்லாத அம்மான்னு.

தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஏண்டி, உன் பொண்ணுடி!" ஐயோன்னு ஓடி ஊசி போட்டுக்கினு வந்தா. பஸ்ல வர்ற வழியெல்லாம் எனக்குக் கோவம். அவளுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. எறங்குறப்ப என் கையைப் புடிச்சிக்கினு சொன்னா: "ஊட்ல அம்முலுதாம்மா. யெமீமா சர்ச்சுக்குப் போட்டுக்கினு வர்ற பேரு."

யாருக்கு வந்துக்கீறாங்க

எனக்கும் அவருக்கும் ஆஸ்பத்திரி, வைத்தியம் எல்லாம் பாத்து ஓய்ஞ்சாச்சு. கடைசியில ஒரு புள்ளையத் தத்து எடுக்க எழுதிப் போட்டோம். வருஷங்கள் போச்சு. போன ஆடி மாசம், துணி துவைச்சிக்கினு இருந்தப்ப போன் வந்துச்சு. நாலரை வயசுப் பொண்ணு, வந்து பாருங்கன்னாங்க. ஈரக்கையோட அப்படியே உக்காந்து அழுதேன். அப்புறம் உள்ள போயி நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் தொட்டுப் பாத்தேன். ரயில்ல போறப்ப வழி பூரா மனசுக்குள்ள அந்தப் பேரைக் கூப்ட்டுப் பாத்துக்கினே போனேன். எங்க ஊட்டுக்காரரு, "கொழந்தை மெரண்டுடப் போவுது, நீ கத்தாம பேசு"ன்னு நாலு தடவை சொன்னாரு.

அந்த ஹோம்ல புள்ளைய அழைச்சிக்கினு வந்தாங்க. பச்சைப் பாவாடை, எண்ணெய் வச்சு வாரின ரெட்டைப் பின்னல். நான் கீழ முட்டி போட்டு, கையை நீட்டி, "லியோரா கண்ணு, அம்மாகிட்ட வாடி"ன்னேன். புள்ள அசையல. தனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களான்னு திரும்பிப் பாத்துச்சு. யாரும் இல்லன்னதும், எனக்கு வழி விடுற மாதிரி சொவத்தோரமா ஒதுங்கி நின்னுச்சு. கூட வந்த அக்காவோட பொடவையை இழுத்து, சொல்லிக்குடுக்குற மாதிரி நிதானமா சொல்லுச்சு: "அக்கா, நான் மகாலட்சுமி. இவங்க வேற பாப்பாவுக்கு வந்துக்கீறாங்க."

மறுபடியும் மூணு சீட்டு

நீட்டின கையை மடக்கிக்கினேன். எத்தினி தடவை யார் யாரோ வந்து, வேற வேற புள்ளைங்களைக் கூட்டிக்கினு போனதை அது பாத்திருக்கும்! நான் ஆசையா வச்சிருந்த பேராலேயே அதை ஒதுங்கி நிக்க வச்சுட்டேனே! "இல்லடி மகாலட்சுமி, உனக்குத்தாண்டி வந்தோம்"னு சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு வந்து மடியில உக்காந்துச்சு. பேரு வேணும்னா மாத்திக்கலாம்னு ஃபாரத்தை நீட்டினாங்க. எங்க ஊட்டுக்காரரு பேனாவைத் தொறந்துக்கினு, "இன்னா எழுதட்டும்?"னாரு. "கொழந்தை தன் பேரைச் சொல்லிடுச்சே, காதுல விழலியா?"ன்னு அங்கயே கத்திட்டேன். அது மெரளல, சிரிச்சுது.

நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணா போதுமா? சர்ச்சு இருக்குதே! பாஸ்டர் பொண்ணு பேரு மகாலட்சுமியான்னு ஒரே பொகைச்சல். ஊருக்கெல்லாம் எபிரெயம், அவங்க ஊட்டுக்கு மட்டும் இப்படியான்னு ஸ்டீபனே கேட்டான். ஜெயராஜ் அண்ணன் மேஜையைத் தட்டிட்டாரு: "ஜனங்க விசுவாசத்துல இடறிப்போவாங்க பாஸ்டர். நோட்டுலேருந்து ரெண்டு நல்ல பேரு எடுங்க, இதையும் சேத்துச் சீட்டுப் போடுவோம். எது வந்தாலும் சித்தம்." சரின்னேன். சீட்டு நான்தான் எழுதுவேன்னும் சொன்னேன். எழுதுறப்ப வில்சன் கொஞ்சம் தள்ளி நின்னு என் கையையே பாத்துக்கினு இருந்தான்.

ஞாயித்துக்கெழமை சர்ச் நெறைஞ்சுபோச்சு. ஜெபம் பண்ணி, எங்க பொண்ணையே எடுக்கச் சொன்னோம். முழங்கை வரைக்கும் பைக்குள்ள வுட்டு ஒரு சீட்டை எடுத்துச்சு. படிக்கத் தெரியாதே, நேரா ஜெயராஜ் அண்ணன்கிட்ட கொண்டு போயி நீட்டுச்சு. அவரு பிரிச்சாரு. கண்ணாடியைப் போட்டுக்கினு இன்னொரு தடவை பாத்தாரு. "மகாலட்சுமி"ன்னு படிச்சாரு. தன்னைக் கூப்புடுறாருன்னு நெனச்சு, "இன்னா?"ன்னு கேட்டு அவரு பக்கத்துலயே உக்காந்துக்கிச்சு புள்ள. மனுஷன் உருகிப்போயி, அது தலையில கையை வச்சு "ஆமென்"னாரு.

அந்த வாரமே முதல் பக்கத்துல சிவப்புக் கோடு போட்டேன். லியோரா இப்போ ஒரு வெல்டர் ஊட்ல தவழ்ந்துக்கினு இருக்குறா, அவளைத் தூக்குனா எறக்கிவுட எனக்குக் கொஞ்சம் நேரமாவும், அவ்ளோதான். சீட்டுப் போட்ட அன்னிக்கு சாப்பாட்டுப் பந்தியில வில்சன் என் பக்கத்துல வந்து குனிஞ்சு சொன்னதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க: "பையில இருந்த மத்த ரெண்டு மகாலட்சுமியையும் கிழிச்சுப் போட்டுட்டேம்மா, ஆண்டவருக்கு எதுக்குக் கஷ்டம்?"

ஊருல இருக்குற புள்ளைக்கெல்லாம் தேடித் தேடிப் பேரு வச்சவ நான். என் ஊட்டுக்கு மட்டும் புள்ளையே பேரோட வந்து சேந்துச்சு.