நுனிக்காலில் காட்டிய உயரம்

பிற்பகல் நான்கு பத்துக்கு, மதுரங்குளியில் நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில் என் மகன் கம்பத்தில் தலைமோதி மயங்கினான்.

ஆஸ்பத்திரி வாசலில் குள்ளமான காவலாளி ஒருவர், எங்களை ஏற்றிவந்த வான் சாரதியிடம் பழைய கல்லூரி அணிகளின் நெட்டையர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரின் உயரத்தையும் நுனிக்காலில் நின்று கையுயர்த்திக் காட்டினார்.

"போன கிழமை சொன்னப்ப அவர் இவ்வளவு உயரமில்லையே, காக்கா!" என்று காவலாளியை அண்ணன் முறை சொல்லிச் சீண்டினார் சாரதி.

"அவங்கள்ல யாராவது இப்படி விழுந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஓம். ஒருத்தர் மயங்கி எழும்பி, எங்கட வளையத்திலயே பந்தப் போட்டார். தோத்துட்டோம். ஆனா ஆள் நடந்துதான் ஊட்டுக்குப் போனார்."

அப்படியொருவர் இருந்தாரா என்று இன்றும் தெரியாது. அன்று, நடந்து வீட்டுக்குப் போன அந்த ஆளைத்தான் மனதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாதி வந்தார்.

"மகன் முழிச்சிட்டார். கட்டில் கட்டையாம், கால் வெளிய நிக்குதாம். சண்டை பிடிக்கிறார்."