பச்சை ஷட்டர் முன்னால் ஒரு நாற்காலி

எங்கள் சந்தில் என் அக்காவுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தது நான்தான். இப்போது தண்ணீர் கேன் போடுகிறவர்கூட, "ஜட்ஜம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். யார் தப்புச் செய்தாலும் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மேல்முறையீடு கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துப் பொருத்துவாள். சின்ன வயதிலேயே கால்கள் ஓய்ந்துவிட்டதால் சக்கர நாற்காலிதான். அதைப் பின்னாலிருந்து யாரும் தள்ளக் கூடாது. தள்ளினால் கைமேல் அடி விழும். வாங்கியவன் சொல்கிறேன்.

அந்த நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று சாக்கடை மூடியின் இடுக்கில் சிக்கி உடைந்தது. கடை கடையாக ஏறிக் கேட்டேன். "சக்கரம் தனியா வராது தம்பி, முழு நாற்காலியா வாங்கிக்கோங்க" என்றார்கள். செருப்பு அறுந்தால் காலையே மாற்றச் சொல்லுகிற கதை. ஆன்லைனில் அதே சக்கரம் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு அக்கா காத்திருந்தாள். கண்ணாடிக் கடை முதலாளி ஃபோனில் நல்லபடியாகத்தான் பேசினார்: "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன்மா. வேலை குவிஞ்சு கிடக்கு. அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுருவேன், தப்பா நினைச்சுக்காத."

வியாழக்கிழமை மத்தியானம் ஃபோனில் செய்தி வந்தது: "உங்கள் பொருளுடன் வந்தோம். நீங்கள் வீட்டில் இல்லை."

அக்கா அப்போது கட்டிலில் உட்கார்ந்து, கதவை அகலத் திறந்துவைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்டுல இல்லையாம்டா."

"எங்க போயிருந்த?" என்றேன். தலையணை பறந்து வந்தது.

வெளியே போக முடியாததால்தான் சக்கரம் வாங்குகிறாள். சக்கரத்தைக் கொண்டுவருகிறவன், அவள் வெளியே போய்விட்டாள் என்கிறான். வெள்ளிக்கிழமையும் அதே செய்தி. கம்பெனிக்கு ஃபோன் போட்டு, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

"டெலிவரி வர்ற நேரத்துல நீங்க வீட்டுல இருக்கணும் மேடம்."

"வீட்டுலதான்மா இருக்கேன்."

"நீங்க இல்லன்னு சிஸ்டத்துல இருக்கு மேடம்."

"அப்ப நீ யாரோட பேசிட்டிருக்க?"

"திங்கக்கிழமை கடைசி தடவை வருவாங்க மேடம். அப்பவும் இல்லன்னா பொருள் திரும்பிப் போயிடும். உங்க பொறுமைக்கு நன்றி."

"பொறுமையா? எனக்கா?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் எதற்கு வாயைக் கொடுப்பேன்.

ஆதாரம் வேண்டும் என்று கேட்டதற்குக் கம்பெனி ஒரு ஃபோட்டோ அனுப்பியது. பூட்டிக் கிடக்கிற பச்சை ஷட்டர். அது எங்கள் வீடே இல்லை. சந்து முனையில் எப்போதோ மூடிப்போன தையல் கடை. அங்கே குடியிருப்பது ஒரு பூனை மட்டும்தான். எனக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சரின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அவருக்கு வராமல் போன புத்தகத்துக்கும் அதே ஷட்டர். எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணனுக்கும் அதே ஷட்டர். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டதிலிருந்து சந்துக்குள் பைக் வராது. வருகிறவர்கள் முனையிலேயே நின்று, அந்த ஷட்டரைப் படம் பிடித்து, ஆள் இல்லை என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆக, சந்து முழுக்க அந்தத் தையல் கடைக்குள்ளேதான் கூட்டுக் குடித்தனம் நடத்துகிறோம். மொத்தமாகக் கிளம்பி வெளியூரும் போயிருக்கிறோம்.

அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"திங்கக்கிழமை என்னை அங்க கொண்டுபோய் உக்கார வை" என்றாள்.

நாற்காலியைத் தள்ளக்கூட விடாதவள் அன்றைக்கு என் முதுகில் ஏறினாள். பள்ளத்தைத் தாண்டும்போது 'மெதுவாடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாய் ஓயாமல் ஏதாவது உளறிக்கொண்டே நடந்தேன். மெக்கானிக் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஷட்டருக்கு முன்னால் போட்டுக் கொடுத்தார். வெயில் ஏறியதும் குடையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஜட்ஜம்மா, கோர்ட்டை ரோட்டுக்கு மாத்திட்டீங்களா?" என்றார் தண்ணீர் கேன்காரர்.

"ஆமா. கேன்ல பாசி மிதந்த கேஸ்தான் முதல்ல." அவர் நிற்கவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பைக் வந்தது. ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைக்காமலே ஃபோனை எடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

"எதை?"

"ஷட்டரைத்தான்."

"அவ்வளவு அழகாவா இருக்கு?"

"பார்ட்டி வீட்டுல இல்லக்கா. பூட்டியிருக்குன்னு காட்டணும்."

"எந்தப் பார்ட்டி?"

"கடைசி வீடு. ஏதோ வீல் வாங்கியிருக்காங்க."

"அந்த வீலுக்குச் சொந்தக்காரி நான்தான். இத்தனை நாள் பொய் சொன்ன, இன்னைக்கு உண்மையிலேயே நான் வீட்டுல இல்ல. எடுப்பா ஃபோட்டோ. சிரிக்கணுமா?"

இன்ஜின் அணைந்தது. அவர் அக்காவின் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்புறம் எதையும் பார்க்கவில்லை.

"உள்ள நடந்துபோய்ட்டு வந்தா நேரம் தாண்டிடும்கா. தாண்டினா சம்பளத்துல பிடிச்சுருவாங்க. பூட்டுன கதவைக் காட்டினா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இங்க நின்னு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா இவன் ஓடி வந்திருப்பானே."

"நீங்க எடுக்கற வரைக்கும் நிக்கணுமேக்கா."

"உனக்குப் பிடிக்கறது அன்னைக்குக் கூலி. எனக்கு வேலையே போகுதுப்பா."

அவரைத் திட்டுவதற்கென்றே நான் சில வார்த்தைகளை இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினதும் அவர் கழுத்துவரை வழிந்த வியர்வையைப் பார்த்து, அத்தனையையும் கைவிட்டேன். நல்ல வார்த்தைகள், வீணாய்ப் போயின.

பெட்டி கைக்கு வந்தது. வீட்டுக்கு ஓடி நாற்காலியைத் தலையில் தூக்கி வந்தேன். மெக்கானிக் அண்ணன் ரோட்டிலேயே சக்கரத்தை மாட்டினார். பொருந்தியது. அதற்குள் அக்கா, பைக்காரரின் பையில் இருந்த சந்துக்காரர்களின் மற்றப் பார்சல்களையும் வெளியே எடுக்க வைத்திருந்தாள்.

அவள் ஃபோன் மணி அடித்தது. பொருளைக் கொண்டுவந்தவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கம்பெனி கேட்டது. அவர் கண் ஃபோன்மேலேயே இருந்தது. அக்கா திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள்.

"கம்பெனிக்கு நட்சத்திரம் போடற இடம் எங்கடா?"

"இல்லக்கா."

"நேரத்தை இப்படி இறுக்கி வச்சவனுக்கு ஒரு கட்டம்கூடவா இல்ல? ஓடறவனை மட்டும்தான் குத்தணுமா?"

ஃபோனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு சக்கரத்தை உருட்டினாள். பார்சல்களை, வேடிக்கை பார்க்க வந்திருந்த டீச்சர் கையில் திணித்துவிட்டு, தள்ளாமல், தொடாமல், நான் பின்னாலேயே நடந்தேன்.

கண்ணாடிக் கடையில் முதலாளி யாருக்கோ ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"திங்கக்கிழமைன்னா காலைலன்னு நினைச்சேன்மா."

"திங்கக்கிழமை இன்னும் முடியல சார்."

அவர் உள்ளே கையைக் காட்டினார். தட்டுத் தட்டாக லென்ஸ் காத்திருந்தது. அக்கா நாற்காலியை மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆனால் மெஷினைப் போடவில்லை. கோபத்தோடு தேய்த்தால் விளிம்பு சில்லு விடும். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சு சீராகிறவரை, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் முதல் லென்ஸை எடுத்தாள்.