ஆட்டுக்காக நடுங்கியவர்

பிரெஞ்சு வாத்தியார் தீனதயாளன் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு; அடுத்த அறையில் அவர் பிரெஞ்சு. மார்க் அள்ளலாம் என்று சேர்ந்த பிள்ளைகளுக்கு அர்த்தமும் புரிய வேண்டும் என்று மல்லுக்கு நின்ற ஒரே மனிதர்.

‘ட்ராம்ப்ளே’ என்றால் நடுங்குதல். குளிரில் நடுங்கலாம், பயத்தில் நடுங்கலாம். பின்னால் ‘பூர்’ சேர்த்தால் விஷயம் வேறு: இன்னொருவருக்கு என்ன ஆகுமோ என்று நாம் நடுங்குவது. அதை விளக்க ஒவ்வொரு வருடமும் ஒரு கிடாவின் கதையைச் சொல்வார். சுவர் தாண்டி எனக்கும் கேட்கும்.

அவர் தங்கை செந்தமிழ்ச்செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. ரிஷிவந்தியம் பக்கத்து அம்மன் கோயிலில் கிடா வெட்டுவதாக வேண்டுதல். மணலூர்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கிடாவை மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் தாய்மாமன் தீனதயாளன்தான். வழியெல்லாம் அது அவர் சட்டைப் பட்டனைச் சப்பிக்கொண்டே வந்ததாம். கோயில் வருவதற்குள் அதை வெட்டவிட அவருக்கு மனசில்லாமல் போய்விட்டது.

கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் அம்மனுக்குச் சம்மதம், பிறகே வெட்டு. பூசாரி கந்தசாமி மூன்று சொம்பு ஊற்றியும் கிடா அசையவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த தீனதயாளன், எங்கே உதறிவிடுமோ என்று பார்த்துப் பார்த்து, தானே தலையிலிருந்து கால்வரை நடுங்க ஆரம்பித்தார்.

பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். யாரோ வாத்தியார் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

“இன்னா குறை தாயே, சொல்லு,” என்றார் பூசாரி.

சாமியெல்லாம் வரவில்லை என்று மறுக்கத்தான் வாத்தியார் வாயைத் திறந்தாராம். கிடா அண்ணாந்து பார்த்தது.

“ஆட்ட உட்டுருங்க.”

“அதுக்குப் பதிலா?”

“பூசணிக்கா.”

தங்கை புருஷன் பிச்சைமுத்து கைகூப்பினார். “அறுவது பேரு கறிக்குக் குந்திக்கினு கீறாங்க தாயே. கொஞ்சம் யோசிச்சி சொல்லு.”

அம்மன் மசியவில்லை. செந்தமிழ்ச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

“அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கண்ணன் ஊசி போட்டாலே இப்பிடித்தான் நடுங்கும்.”

அம்மன் காதில் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பூசாரி அவளை அடக்கினார். கிடாவை அவிழ்த்துவிட்டார்கள். அறுபது பேரும் பூசணிக்காய் சாம்பார் சாப்பிட்டார்கள். கை கழுவியவர்கள் திருநீறு வாங்க வாத்தியார் முன்னால் வரிசை கட்டினார்கள். கடைசி ஆளாக வந்த செந்தமிழ்ச்செல்வி, புதுக் கம்மல் போட்ட மகளை அவர் முன்னால் தள்ளினாள்.

“எதுக்கும் வெச்சி உடுண்ணா.”