கடதாசியைச் சுடும் துப்பாக்கி

பாரிஸுக்கு வெளியே, கூசேன்வில் பக்கத்துத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னை இழுத்துப் போனவள் அலுவலகத் தோழி. சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த நான் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவள். ஆனாலும் முதல் நாளே பிடித்துவிட்டது. உரிமம் கைக்கு வந்ததும் எண்ணூறு யூரோவுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். பார்வைக்கு ராணுவத் துப்பாக்கி. உள்ளே போவதென்னவோ பொடிக் குண்டு.

அந்த வகைத் துப்பாக்கியில் எதையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதுதான் வினை. தொலைநோக்கி, மிருதுவான விசை, முன்கைப்பிடி என்று மாட்டிக்கொண்டே போனதில் செலவு துப்பாக்கி விலையைத் தாண்டியது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்றார் கணவர்.

இவ்வளவு செய்தும் குண்டு குறிக்கு இடப்பக்கமே போனது.

கிளப்பில் ஓர் அம்மா உண்டு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர்தான் ஒருநாள், "உங்கள் கை குட்டை, தோளில் வைக்கும் கட்டை நீளம். எட்டி எட்டிச் சுடுகிறீர்கள்," என்றார். நீளம் குறைக்கக்கூடிய பின்கட்டை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வாங்கியதிலேயே அதுதான் மலிவு.

பார்சல் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் காய்கறி வாங்கும் கடைக்கு வந்தது; பார்சல்களை வாங்கி வைத்துக் கொடுப்பதும் அங்கேதான். கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்ன தங்கச்சி, தேங்காய் திருவலையோ?" என்றார்.

"இல்லண்ணே, துப்பாக்கியோட பின்கட்டை."

அவர் கை சட்டென்று விலகியது. சிரிப்பும் போனது. எதைக் கடந்து வந்த மனிதரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆரைச் சுடப் போறீங்கள்?"

"காகிதத்தைத்தான் அண்ணே. விளையாட்டுக்கு."

"கடதாசியையோ?" என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கடதாசியைச் சுட இவ்வளவு செலவோ! சுட்டுப்போட்டு ஒருக்கா கொண்டு வாங்கோ, பாப்பம்."

அடுத்த ஞாயிறு கட்டையைக் குறுக்கி மாட்டினேன். கன்னம் தானாகக் கட்டையில் போய் அமர்ந்தது. சுட்ட தாளைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய், "பத்துக் குண்டு அண்ணே," என்று நீட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டு ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாருமப்பா! எங்கட பிள்ளை பத்துக்கு ஏழு நடுவிலை அடிச்சிருக்கு!"

அந்த அக்கா ஈரக்கையோடு வந்து தாளைப் பார்த்தார். "ஓம், வடிவாத்தான் இருக்கு. மற்ற மூண்டும் எங்கை?"

"ஒண்ணு ஓரத்துல இருக்கு அக்கா," என்றேன். "ரெண்டு பக்கத்து ஆளோட தாள்ல."