சோபாவுக்குப் பக்கத்தில் ஓர் இடி

போன வாரம் ஒரு பொய் சொன்னேன். யாரிடம்? பக்கத்து வீட்டுக் கலைவாணியிடம். ஏன்? அதற்கு முதலில் என் சப்-வூஃபர் கதையைச் சொல்ல வேண்டும்.

மரக்காணத்தில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால் உப்பளம்தான். அதில் சில பாத்திகளைக் கலைவாணியும் அவர் கணவர் தேவராஜும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆள் வைப்பதில்லை. உப்பை வாருவது, சுமப்பது, மழை வந்தால் மூடுவது... எல்லாம் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஹோம் தியேட்டர் வாங்கிய புதிதில் சப்-வூஃபரை — அதுதான், 'தும் தும்' என்று அடிவயிற்றில் இடிக்குமே, அந்தக் கறுப்புப் பெட்டி — டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்திருந்தேன். ஒரு நாள் கலைவாணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், உங்க வீட்ல படம் ஓடுனா எங்க வீட்டு ஷெல்ஃபுல டம்ளர் டான்ஸ் ஆடுது."

வெட்கமாகப் போய்விட்டது. பெட்டி விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "தூக்கி சோபா பக்கத்துல வையுங்க சார். பாதி சவுண்டு போதும். உங்களுக்கு மட்டும் அதிரும், பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது."

வைத்தேன். அடடா! சத்தத்தைக் குறைத்தும், படத்தில் பீரங்கி வெடித்தால் முதுகுவரை வருகிறது. டம்ளரும் ஆடவில்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

போன ஞாயிறு, பொம்மையார்பாளையத்தில் கலைவாணியின் தங்கைக்கு வளைகாப்பு. ஆனால் அவர் கிளம்புகிற மாதிரியே இல்லை. "அவரு மட்டும் போறாரு சார். ஈரம் வடியட்டும்னு உப்பு திறந்து கிடக்குது. மழை வந்தா யாரு பார்க்கறது?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நான் வீட்லதானே இருக்கேன். ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மேற்கால முதல் இடி கேட்டதும் ஒரு போன் போடுங்க சார். இடிக்கும் மழைக்கும் நடுவுல எப்படியும் ஒரு மணி நேரம் இருக்குது. பைக்ல வந்து தார்பாய் போட்டுடுவோம்."

மதியம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஒரு போர்ப் படம் போட்டேன். சோபா அதிர்ந்தது. 'என்னா பேஸ்!' என்று ரசித்தேன். மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் நீளமாகவே... அப்போது படத்தில் ஒரு சிப்பாய் அம்மாவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான். கடிதம் படிக்க எதற்கு பேஸ்? எனக்கு உறைக்கவில்லை. ஆசையாக வாங்கிய பெட்டி ஆயிற்றே!

டீ போடலாம் என்று படத்தை நிறுத்தினேன். படம் நின்றது. அதிர்வு நிற்கவில்லை.

கதவைத் திறந்தால் மேற்கு முழுக்கக் கன்னங்கரேலென்று இருக்கிறது. முகத்தில் தூறல். போன் போட்டேன். விசேஷ வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் தேவராஜ் மூன்றாவது தடவைதான் எடுத்தார். நானே பாத்திக்கு ஓடித் தார்பாயை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் பிடிக்கிற பாய் அது. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையைக் காற்று தூக்கியது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பாதிக் குவியல் கரைந்து வரப்போரம் ஓடிக்கொண்டிருந்தது. கலைவாணி பட்டுப் புடவையோடு சேற்றில் நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"திடீர்னு வந்துடுச்சும்மா" என்றேன்.

அதுதான் அந்தப் பொய்.

"மழை என்ன சார், சொல்லிட்டா வருது? நீங்க எதுக்கு இப்படி நனைஞ்சீங்க?" என்றார். எனக்கென்று கட்டி எடுத்து வந்திருந்த வளைகாப்புச் சாதத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த பெட்டி. பக்கத்து வீட்டுக்காக நான் கேட்க வேண்டிய ஒரே சத்தம் எனக்குக் கேட்காமல் போயிற்று. ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

நேற்று கலைவாணி வேலியோரம் நின்று கேட்கிறார்: "ஏன் சார், படமே போடறதில்ல? எங்களுக்காகவா? போடுங்க சார், டம்ளர் ஆடுனா ஆடிட்டுப் போகுது."

நேற்றும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன். இது அச்சாகி வந்ததும் நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பதாக இருக்கிறேன்.

சொல்லிவிட்டுத்தான் வந்தது, கலைவாணி... மூன்று முறை.