உலுபேரியா டீக்கடையில் அம்மா

காய்ச்சலென்று படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்த மறுநாள் அப்பா வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார். யார்டில் ரயில்களுக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். நடை அவருக்குப் புதிதல்ல. காரியம் செய்த மொட்டைத் தலையோடு பம்பாய் ரோட்டில் போனதாகப் பக்கத்து வீட்டு மாஷி சொன்னாள். நான் பஸ்ஸில் தேடிப் போனேன். மாலையில் உலுபேரியா டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு மண்குவளைகளில் டீ.

“பொண்ணா? அம்மா எங்கே?” என்று கடைக்காரர் வங்காளியில் கேட்டார். அங்கே அண்ணன் தாதா, அண்ணி பௌதி. “தாதாவும் பௌதியும் திருப்பதி போய்ட்டு வர்றாங்களாமே! தாதா தலையைப் பார்த்தாலே தெரியுது. பௌதி பின்னாடி வர்றாங்கன்னாரு.”

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்த எதுவும் அப்போது கைகொடுக்கவில்லை.

அப்பா தமிழில் சொன்னார்: “அவராத்தான் திருப்பதியான்னு கேட்டாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. வீட்டுல, யார்டுல, எல்லா இடத்துலயும் அவ செத்துட்டா. இந்தக் கடையில மட்டும் இருக்கட்டுமே, சத்யா.”

கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்கு முழங்கால் வலி,” என்று அவரிடம் வங்காளியில் சொன்னேன். “மெதுவாத்தான் வருவாங்க.”